சண்டைக்குப் பிறகும் ஒரு காதல்



காதலர்கள் கைகோத்ததும் 'சுபம்' போட்டு நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடும் படங்கள் ஏராளம். அதற்குப் பிறகு அந்த இருவரும் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று காட்டத் துணிந்தவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமானது 2013-ல் வந்த 'பிஃபோர் மிட்நைட்'.

ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'பிஃபோர் சன்ரைஸ்' (1995) படத்தில் ரயிலில் அறிமுகமாகி, வியன்னா தெருக்களில் இரவு முழுக்கப் பேசித் திரிந்தவர்கள் ஜெஸ்ஸியும் செலினும். 2004-ல் 'பிஃபோர் சன்செட்' அவர்களைப் பாரிஸில் மறுபடி சந்திக்கவைத்தது. மூன்று படங்களிலும் ஈத்தன் ஹாக், ஜூலி டெல்பி இருவரே நடித்திருப்பதால், முகத்தில் தெரியும் வயது ஒப்பனையில் வந்ததல்ல.

மூன்றாவது படத்தில் அவர்களுக்கு நாற்பது கடந்துவிட்டது. இரட்டைப் பெண் குழந்தைகளோடு தெற்கு கிரேக்கத்தில் கோடை விடுமுறை. ஜெஸ்ஸியின் முதல் திருமணத்தில் பிறந்த மகன் ஹாங்க், விமானம் ஏறி அமெரிக்காவில் இருக்கும் அம்மாவிடம் திரும்புகிறான். வளரும் பையனுக்குப் பக்கத்தில் இல்லையே என்று அப்பா தவிக்கிறார். மகன் இருக்கும் சிகாகோவுக்கே குடிபோகலாம் என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே செலினுக்குப் புரிந்துவிடுகிறது. இத்தனை வருடம் சேர்ந்து இருந்தவர்களுக்கு முழு வாக்கியம் எதற்கு?

நண்பர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, இவர்களை ஓட்டலில் ஓர் இரவு தங்கச் சொல்லி அனுப்புகிறார்கள். நெருங்கிவரும் நேரத்தில் செலினின் போன் அடிக்கிறது. ஹாங்க்தான். பாசமாகப் பேசுகிறாள், ஜெஸ்ஸியிடம் கொடுக்காமல் வைத்துவிடுகிறாள். அவ்வளவுதான், ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு அந்த அறையை விட்டு நம்மால் நகர முடிவதில்லை. யார் யாருக்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்ற பழைய கணக்கெல்லாம் வெளியே வருகிறது. தனக்கென்று யோசிக்கக் கிடைக்கும் ஒரே நேரம் அலுவலகக் கழிப்பறையில்தான் என்கிறாள் செலின். எழுத்தாளரான ஜெஸ்ஸிக்கு நடந்து திரியவும் சிந்திக்கவும் பொழுது கிடைக்கிறதே, அது யார் உழைப்பில் வந்தது? என் மனம் செலின் பக்கம்தான். பிள்ளையைப் பிரிந்த தகப்பனின் வலி பொய்யில்லை என்பதையும் படம் மறைக்கவில்லை. திரைக்கதையை லிங்க்லேட்டரோடு அந்த இரு நடிகர்களும் சேர்ந்து எழுதினார்கள். இரு தரப்புக்கும் வக்கீல் இருந்ததுபோல் சண்டை சரிசமமாக நடக்கிறது.

இதற்கெல்லாம் முன்பு, சாப்பாட்டு மேசையில், கணவரை இழந்த ஒரு மூதாட்டி பேசுகிறார். கணவரின் முகம் நினைவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது, தேடித்தேடிப் பிடித்துவைக்கிறேன் என்கிறார். அதைக் கேட்டுவிட்டு வந்த இருவர்தான் சில மணி நேரத்தில் ஒருவரை ஒருவர் குத்திக் கிழிக்கிறார்கள். எத்தனை வீடுகளில் நடப்பது இது!

படம் எப்படி முடிகிறது என்று சொல்லமாட்டேன். முதல் இரண்டையும் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள். பெரியவர்களுக்கான காட்சிகள் உண்டு. பிள்ளைகள் தூங்கியபின் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து பாருங்கள். பார்த்து முடித்ததும் டிவியை அணைத்துவிட்டு, உனக்கென்று ஒரு நாளில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்