அப்பாவின் போன் ஏன் அடிப்பதில்லை?

"எத்தனை தடவைப்பா கூப்பிடுறது? போனை எடுக்கவே மாட்டீங்களா?"

"அடிக்கவே இல்லையேப்பா..."

திண்டுக்கல் பக்கம் இந்தப் பேச்சு நடக்காத வீடு குறைவு. மகன் திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருப்பார். அப்பா ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நத்தம் பக்கம் ஏதாவது ஒரு ஊரில் தோட்டம் துரவு என்று இருப்பார். மகன் புதுப் போன் வாங்கியதும் பழைய போன் அப்பாவுக்கு வந்து சேரும். "நல்லாத்தான் ஓடுது, வச்சுக்கங்க" என்று ஒரு வார்த்தை. அடுத்த வாரமே மேலே சொன்ன சண்டை ஆரம்பம்!

இதில் எப்போதும் திட்டு வாங்குவது பெரியவர்கள்தான். "போனை எங்கேயோ போட்டுட்டு எங்கேயோ போயிடுவாரு", "காது மந்தம்", "அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆனால் கொஞ்சம் பொறுமையாக அந்தப் போனை வாங்கிப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கும். பெரும்பாலும் பெரியவர் சொல்வதுதான் சரி. போன் அடிக்கவில்லை. அல்லது அவர் காதுக்கு எட்டுகிற மாதிரி அடிக்கவில்லை. தப்பு வாங்கிக் கொண்டவர் மேல் இல்லை, மணியைச் சரி பார்க்காமல் கொடுத்தவர் மேல்!

கணக்கு 30 நொடி

ஒரு போன் எவ்வளவு நேரம் அடிக்கும்? எடுக்கும் வரை அடிக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

2019-ல் செல்போன் நிறுவனங்களுக்குள் இதில் பெரிய தகராறே நடந்தது. அப்போது ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் எண்ணைக் கூப்பிட்டால், கூப்பிட்டவரின் நிறுவனம் நிமிடத்துக்கு 6 பைசா அந்த நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். மணி அடிக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டால் என்ன ஆகும்? எடுப்பதற்குள் கட் ஆகும். மிஸ்டு கால் பார்த்தவர் திருப்பிக் கூப்பிடுவார். இப்போது காசு கட்ட வேண்டியது அவருடைய நிறுவனம்! இப்படிக் கணக்குப் போட்டு ஒருவரைப் பார்த்து ஒருவர் மணியை 25 நொடி வரை குறைத்தார்கள். கடைசியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 2019 நவம்பரில் தலையிட்டு, செல்போனுக்கு 30 நொடி, லேண்ட்லைனுக்கு 60 நொடி என்று நிர்ணயித்தது. அந்த 6 பைசா 2021 ஜனவரியோடு ஒழிந்துவிட்டது. மணியின் அளவு மட்டும் அந்தத் தகராறில் பிறந்ததாகவே நிற்கிறது.

ஆக, 30 நொடி. அதற்குள் சத்தம் காதில் விழ வேண்டும், அது தன்னுடைய போன் என்று புரிய வேண்டும், நடந்து போய் எடுக்க வேண்டும், பச்சை வட்டத்தைச் சரியாகத் தள்ள வேண்டும். மோட்டார் ரூம் திண்ணையில் போனை வைத்துவிட்டு முருங்கை மரத்தடியில் நிற்கிற 65 வயதுக்காரருக்கு 30 நொடி என்பது எவ்வளவு?

காய்கறி விலையைச் சொல்ல ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து மண்டிக்காரர் கூப்பிடுவார். வழி கேட்டு 108 ஆம்புலன்ஸ் டிரைவர் கூப்பிடுவார். இவர்கள் எல்லாம் மகனைப் போலப் பத்து தடவை கூப்பிட்டுக்கொண்டே இருக்க மாட்டார்கள்.

அடிக்காததற்குக் காரணங்கள்

பழைய ஸ்மார்ட்போன் அடிக்கவில்லை என்றால் முதலில் ஒரே ஒரு சோதனை. ஒரு பாட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். பாட்டு சத்தமாகக் கேட்டால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, கோளாறு செட்டிங்கில். பாட்டே கேட்கவில்லை என்றால்தான் ஸ்பீக்கர் பக்கம் போக வேண்டும். இதைச் செய்யாமல் நேராக பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் செல்போன் கடைக்குப் போய் "ஸ்பீக்கர் மாத்தணும்" என்று நிற்பவர்கள் நிறையப் பேர்.

செட்டிங்கில் எங்கெங்கே சிக்கல் வரும்?

1. பக்கத்தில் இருக்கிற சத்தப் பட்டன். முன்பெல்லாம் அதை அழுத்தினால் மணியின் சத்தம் கூடும். 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் பல போன்களில் அது பாட்டு, வீடியோவின் சத்தத்தைத்தான் கூட்டுகிறது. அப்பா பட்டனை மேலே வரைக்கும் அழுத்திவிட்டு "ஃபுல்லா வச்சுட்டேன்" என்று நிம்மதியாக இருப்பார். மணி மட்டும் அடியிலேயே கிடக்கும்! செட்டிங்கில் 'சவுண்ட்' பகுதிக்குள் போனால் மணிக்கு, பாட்டுக்கு, அலாரத்துக்கு என்று தனித்தனிக் கோடுகள் இருக்கும். மணியின் கோட்டைத்தான் இழுக்க வேண்டும்.

2. 'தொந்தரவு செய்யாதே' வசதி, அதாவது டு நாட் டிஸ்டர்ப். மகன் வைத்திருந்த காலத்தில் ராத்திரி 10 மணி முதல் காலை 7 மணி வரை என்று போட்டிருப்பார். போன் கை மாறும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும். விடிகாலையில் பூப் பறித்து நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு அனுப்புகிற வீட்டில் காலை 7 மணி வரை போன் ஊமையாக இருந்தால் எப்படி? அதை நிறுத்திவிடுவது நல்லது. வேண்டும் என்றால் 'திரும்பத் திரும்பக் கூப்பிடுபவர்' என்ற வசதியையாவது போட்டு வைக்கலாம். ஆண்ட்ராய்டில் ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது தடவை வந்தால் மணி அடிக்கும். ஐபோனில் இந்தக் கணக்கு 3 நிமிடம்.

3. மெமரி கார்டு. ஆசையாக வைத்த பாட்டு மெமரி கார்டில் இருக்கும். கார்டைக் கழற்றினாலோ, இடம் போதவில்லை என்று யாராவது அந்தப் பாட்டை அழித்தாலோ, மணிக்கு ஆதாரமே போய்விடும். சில போன்கள் கம்பெனி மணிக்குத் திரும்பும். சில போன்கள் சத்தமே போடாது. மணிக்கான பாட்டை போனுக்குள் 'ரிங்டோன்ஸ்' என்ற ஃபோல்டரில் வைப்பதுதான் பாதுகாப்பு.

4. சிம் கார்டில் சேமித்த எண்கள். மகளுக்கு ஒரு மணி, மண்டிக்கு ஒரு மணி என்று தனித்தனியாக வைக்கப் பார்த்தால் முடியாது. காரணம், சிம்மில் தனி மணியைக் குறித்து வைக்க இடம் கிடையாது. எண்ணை போனுக்கு மாற்றிவிட்டால் அந்த வசதி வந்துவிடும்.

5. ஐபோன் என்றால் இடது பக்கம் ஒரு சின்ன விசை இருக்கும். 2007-ல் வந்த முதல் ஐபோனிலிருந்தே உண்டு. 2023-ல் வந்த 15 புரோவில்தான் அதை எடுத்துவிட்டு வேறு பட்டன் வைத்தார்கள். கவர் மாட்டும்போதோ சட்டைப் பையில் போடும்போதோ அது நகர்ந்துவிடும். ஆரஞ்சு நிறம் தெரிந்தால் மணி அடிக்காது என்று அர்த்தம். இதை ஒரு தடவை காட்டிக் கொடுத்தால் போதும்.

செட்டிங் எல்லாம் சரி, ஆனாலும் சத்தம் கம்மி என்றால் தூசிதான் காரணமாக இருக்கும். ஸ்பின்னிங் மில் பஞ்சு, தோட்டத்து மண், சட்டைப் பையின் நூல் எல்லாம் ஸ்பீக்கர் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்தால் போதும், ஊசியை விட்டுக் குத்தக் கூடாது. இன்னொன்று, பல பழைய போன்களில் ஸ்பீக்கர் முதுகுப் பக்கம் இருக்கும். மெத்தை மேல் மல்லாக்க வைத்தால் சத்தம் மெத்தைக்குள்ளேயே போய்விடும்.

எந்த மணி நல்ல மணி?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிடித்த சினிமாப் பாட்டை அப்படியே மணியாக வைக்கிறார்கள். பாட்டின் ஆரம்பத்தில் புல்லாங்குழல் மெல்ல இழையும், பிறகு வயலின், அதற்குப் பிறகுதான் குரல். அதற்குள் 15 நொடி காலி. போதாக்குறைக்கு 'மெல்ல ஆரம்பித்து ஏறுகிற சத்தம்' என்ற வசதியும் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்!

வயதாக ஆக, காதில் முதலில் குறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். போன் கம்பெனிகள் வைக்கிற 'டிங் டிங்' மணிகள் பலவும் அந்த ரகம்தான். சரி, கனமான ஒலி வைக்கலாம் என்றால், பொத்தான் அளவு ஸ்பீக்கரில் தவில் சத்தமும் கனமான தாளமும் வெளியே வராது. ஆக நடுத்தரமான ஒலிதான் வேண்டும். முதல் நொடியிலேயே முழுச் சத்தத்தில் தொடங்க வேண்டும். நடுநடுவே விட்டுவிட்டு அடிக்க வேண்டும். அந்தக் காலத்து லேண்ட்லைன் 'டிரிங்... டிரிங்...' இந்த எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. அழகு கம்மிதான், வேலை செய்யும்.

பாட்டுதான் வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டால் அதுவும் நியாயமே. பாட்டில் குரல் உச்சத்துக்கு வருகிற இடத்தை மட்டும் வெட்டி வைத்துக் கொடுக்கலாம். மார்க்கெட்டில் கம்பெனி மணி அடித்தால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பையைத் தடவுவார்கள். சொந்தப் பாட்டு என்றால் ஒருவர்தான் தடவுவார்.

ஆனால் மணி தேடி முன்பின் தெரியாத தளத்துக்குப் போய், கண்ட ஆப்பையும் இறக்கிவிடக் கூடாது. காலர் டியூன் வேறு, ரிங்டோன் வேறு என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். காலர் டியூன் கூப்பிடுகிறவர் காதில் கேட்பது. அதை வைத்தால் அப்பாவின் போன் ஒரு துளிகூடச் சத்தமாக அடிக்காது. தெரியாமல் ஒரு எண்ணை அழுத்தி பேலன்ஸ் போன கதைகள் ஒரு காலத்தில் ஏராளம். அதனால்தான் 2013-ல் டிராய், இந்த மாதிரி சேவைகளுக்கு வாடிக்கையாளரிடம் இரண்டு தடவை சம்மதம் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டது.

அதிர்வு ஒரு துணை

பழைய போன்களில் அதிர்வு வருவது ஒரு குட்டி மோட்டாரால். அதன் அச்சில் ஒரு பக்கமாகக் கனம் வைத்த சின்ன உலோகத் துண்டு இருக்கும். மோட்டார் சுற்றும்போது கனம் ஒரு பக்கமாக இழுப்பதால் போனே குலுங்குகிறது. சுற்றுகிற பொருள் என்பதால் அது தேயும், கீழே விழுந்தால் சிக்கிக்கொள்ளும். சாம்சங் போன்கள் பலவற்றில் *#0*# என்று டயல் செய்தால் ஒரு சோதனைப் பக்கம் வரும். அதில் அதிர்வைத் தனியாகப் பார்க்கலாம். அங்கே அதிர்ந்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது, செட்டிங்தான் கோளாறு. பேட்டரி சேவர் போட்டிருந்தால் சில போன்களில் அதிர்வு நின்றுவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

மோட்டார் நன்றாக இருந்தாலும் அதிர்வு உடம்பில் பட்டால்தான் பயன். சட்டைப் பையிலோ வேட்டி மடிப்பிலோ இருந்தால் தெரியும். மஞ்சள் பைக்குள் துண்டைச் சுற்றி வைத்தால் தெரியாது. வீட்டில் இருக்கும்போது காலி எவர்சில்வர் டம்ளரில் போட்டு வைத்தால் அதிர்வும் மணியும் சேர்ந்து அடுப்படி வரை கேட்கும். காது சரியாகக் கேட்காதவர்களுக்கு, அழைப்பு வரும்போது டார்ச் மின்னுகிற வசதி பல போன்களில் இருக்கிறது. அதையும் போட்டுக் கொடுக்கலாம்.

முன்னால் இருந்தது, இப்போது இல்லை

நோக்கியா போன்களில் 'அவுட்டோர்' என்று ஒரு வசதி இருந்தது. வெளியே போகும்போது அதை ஒரு தடவை தேர்ந்தெடுத்தால் மணி உச்சத்துக்குப் போகும். அதைச் செய்ய நாலு மெனுவுக்குள் நுழைய வேண்டியதில்லை. நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா தொழிற்சாலையும் அந்தக் கம்பெனியுடையதுதான். அதன் பட்டன் போன்களைத் தோட்டக்காரர்கள் இன்னும் மறக்காததற்கு பேட்டரி ஒரு காரணம் என்றால் மணி இன்னொரு காரணம்.

"அப்படியானால் பட்டன் போனே வாங்கிக் கொடுத்துவிடலாமே?" என்று கேட்கலாம். மணிக்கு மட்டும் என்றால் அது நல்ல யோசனைதான். ஆனால் பேரப்பிள்ளையின் முகம் வீடியோ காலில் தெரிய வேண்டும், மண்டிப் பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும். ஆக ஸ்மார்ட்போனை வேண்டாம் என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. அதை ஒழுங்காக அடிக்க வைப்பதுதான் வழி.

பழைய போன் விற்கிற கடைகளிலும் கேமராவைக் காட்டுகிறார்கள், டிஸ்பிளேயைக் காட்டுகிறார்கள். யாராவது மணியை அடித்துக் காட்டுகிறார்களா? வாங்குகிறவரும் கேட்பதில்லை. போன் என்பதே கூப்பிட்டால் கேட்பதற்காக வந்த பொருள் என்பது எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது.

இதற்கு ஆகிற நேரம் மொத்தமே கால் மணி. போனை அப்பா வழக்கமாக வைக்கிற இடத்திலேயே வைக்க வேண்டும். அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் அவர் நிற்க வேண்டும். அங்கிருந்து மகன் கூப்பிட வேண்டும். 30 நொடிக்குள் "ஹலோ" வந்தால் வேலை முடிந்தது. வரவில்லை என்றால் திட்டாமல் இன்னொரு மணியை வைத்துப் பார்க்க வேண்டும்.

பூட்டுக்குப் பேர் போன ஊர் திண்டுக்கல். பூட்டை விற்கும்போது சாவி போட்டு, திறந்து, மூடி, சரிபார்த்துத்தான் கையில் கொடுப்பார்கள். போனையும் அப்படிக் கொடுத்தால் என்ன?