வலையில் அகப்படாத காய்ச்சல்

விஞ்ஞானம் புதியதொரு கருவியைத் தந்திருக்கிறது. இணையத்தில் வெளியாகும் செய்திகளையும் மக்கள் தேடும் சொற்களையும் கணினி ஓயாது வாசிக்கிறது. எந்த ஊரில் எந்த நோய் தலைகாட்டுகிறது என்பதை உடனுக்குடன் உலகப் படத்தில் புள்ளியிட்டுக் காட்டுகிறது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கப்பட்ட ‘ஹெல்த்மேப்’ இவ்வகையினது. நாம் இதனை வரவேற்கிறோம். ஆனால், ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் லயங்கள் அந்தப் படத்தில் தெரியுமா என்று கேட்கிறோம்.

லயத்துப் பிள்ளையொன்றுக்கு வயிற்றுளைவு வருகிறது. குடித்தது பீலித் தண்ணீர். தாய் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையேல் சம்பளம் இல்லை. கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டுக் கூடையுடன் மலையேறுகிறாள். இந்த நோயை எந்தக் கணினி வாசிக்கும்? எந்தப் பத்திரிகை எழுதும்? சாவு விழுந்தால் ஒருவேளை செய்தியாகும். அதுவரை படத்தில் அந்த மலை வெறுமையாகவே இருக்கும். குரல் எழாத இடத்தை நோயற்ற இடமென்று கொள்வது விஞ்ஞானமா?

குரல் மிகுந்த இடத்திலும் இக்கருவி தவறியிருக்கிறது. தேடுசொற்களைக் கொண்டு சளிக்காய்ச்சலை அளக்க 2008இல் கூகுள் நிறுவனம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2012-13 குளிர்காலத்தில் அது அமெரிக்காவின் காய்ச்சலை ஏறத்தாழ இருமடங்காக மதிப்பிட்டது, 2015இல் நிறுத்தப்பட்டது. அது அளந்தது மக்களின் பேச்சையும் பீதியையுந்தான். நோயாளியை அது காணவில்லை.

‘எல்லோர் கையிலும் கைபேசி வந்துவிட்டதே, இனிக் குறை என்ன?’ என்பார் உளர். கைபேசி வந்தது மெய். ஆனால் பிள்ளையைப் பார்க்க மருத்துவர் வந்தாரா? 1897ஆம் ஆண்டின் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நெருப்புக் காய்ச்சலோ வயிற்றுளைவோ கண்டால் மருத்துவர் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடிச் சென்று விசாரிக்க வேண்டும். மருத்துவரையே காணாத நோயாளி இந்தச் சங்கிலியில் முதற் கண்ணியிலேயே விடுபட்டுப் போகிறான்.

தோட்டத்தில் கணக்கெடுக்கத் தெரியாமலா இந்த நிலை? காலைப் பெரட்டில் ஆட்கள் எண்ணப்படுகிறார்கள். செக்ரோலில் ஒவ்வொரு பேரும் பதிவாகிறது. கொழுந்து அன்றைக்கன்றே நிறுக்கப்படுகிறது. ஒரு கிலோவும் தப்புவதில்லை. இலாபத்தின் கணக்கு உடனுக்குடன் நடக்கிறது. நோயின் கணக்குக்கு மட்டும் நாட்டமில்லை. கொழுந்துக்குள்ள மதிப்பு அதைக் கொய்யும் கைக்கு இல்லையா?

ஆகவே நாம் கோருவது இது: பெரட்டுக்கு வராதவர் காய்ச்சலால் வரவில்லையா என்பதையும், பிள்ளைக்காம்பராவில் எத்தனை குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் என்பதையும் ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் தமிழில் எழுதி, அன்றே சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பரிசோதகர் லயத்துக்கு வர வேண்டும். பீலித் தண்ணீரைச் சோதித்து முடிவைத் தொழிலாளருக்குச் சொல்ல வேண்டும். நோயுற்ற நாளுக்குச் சம்பளம் வேண்டும். அதுவின்றி எவரும் நோயை வெளியே சொல்லார்.

இவற்றைச் செய்த பின் கணினியைக் கொண்டுவாருங்கள். அது வாசிக்க அப்போது மெய்யான செய்தி இருக்கும். லயத்து வாசலில் தொடங்காத கணக்கு, எத்தனை விரைவாக வந்தாலும், எங்களுக்குக் காலங்கடந்த கணக்கே.