‘தொகு’ என்னும் பொத்தான்

கலைக்களஞ்சியம் என்றால் அறிஞர்கள் எழுத, நூலகத்து அலமாரியில் பூட்டி வைக்கப்படுவது என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய விக்கிப்பீடியா அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. பக்கத்தின் மேலே ‘தொகு’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் படிப்பவரே எழுதுபவர் ஆகிவிடலாம். தமிழ் விக்கிப்பீடியாவும் 2003 முதல் இவ்வாறே வளர்ந்து வருகிறது.

ஆனால், தோழியரே, முன்னாளில் அப்பொத்தானை அழுத்தியவர் கண்டது என்ன தெரியுமா? ஒரு சொல் தடித்துத் தெரிய வேண்டுமானால் இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறிகள். வேறொரு பக்கத்திற்கு இணைப்புத் தர இரட்டைச் சதுர அடைப்புகள். அட்டவணை போடுவதென்றாலோ கோடுகளும் அடைப்புகளுமாய் ஒரு பெருங்காடு! கணிதத் தேர்வே மேல் என்று தோன்றும்.

2007-க்குப் பின் ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுவோர் தொகை குறையத் தொடங்கியது. புதியவர்களுக்கு வழியை எளிதாக்க எண்ணிய விக்கிமீடியா அறக்கட்டளை, ‘விஷுவல் எடிட்டர்’ என்னும் கருவியைச் செய்து 2013 ஜூலையில் அங்கே புகுத்தியது. பக்கம் எப்படித் தோன்றுமோ அப்படியே திரையில் கண்டு, அதன் மேலேயே எழுதலாம். பழகியவர்கள் கடுமையாக எதிர்த்தனர். கருவி மெதுவாக இயங்கிற்று. வேண்டாத குறிகளைப் பக்கத்தில் சேர்த்தது. அதே செப்டம்பரில், விரும்புவோர் மட்டும் பயன்படுத்தலாம் என்று பின்வாங்க நேர்ந்தது.

அவர்கள் சொன்ன குறைகள் மெய்யானவை. ஆயினும், குறிகளைக் கற்றவர் மட்டுமே உள்ளே வரட்டும் என்று யாரேனும் எண்ணினால் அதை நாங்கள் ஏற்கமாட்டோம். விக்கிப்பீடியாவில் எழுதுவோருள் பெண்கள் மிகக் குறைவு என்று ஆய்வுகள் பன்முறை காட்டியுள்ளன. எழுதுகிறவர்களுக்குத் தெரிந்தவைதாமே ஏட்டில் ஏறும்? சமையலும் கோலமும் தாலாட்டும் அறிந்த எங்கள் பாட்டிமார், ஓர் அடைப்புக்குறி தெரியாத காரணத்தால் வாசலில் நிற்பது நியாயமன்று.

அப்படியானால் எளிய கருவியே போதுமா? போதாது என்பதே எங்கள் கருத்து. இத்தகைய கருவிகள் இன்று எங்கும் உள்ளன. வேர்ட்பிரஸ் மென்பொருளில் 2018 டிசம்பரில் வந்த கட்டம் கட்டமாகப் பக்கம் அமைக்கும் கருவிக்குக் கூட்டன்பர்க் என்றே பெயர். (அச்சுக்கலையின் தந்தையினுடைய பெயர், கொஞ்சம் பெரிய பெயர்தான்!) இவற்றில் ஒரு வரியைத் தடித்த எழுத்தாக்கிவிட்டால் கண்ணுக்கு அது தலைப்பாகவே தோன்றும். கணினிக்கோ அது வெறும் தடித்த வரி. பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் குரலைக் கேட்டே பக்கங்களைப் படிக்கின்றனர். நீண்ட கட்டுரையில், தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவி வேண்டிய இடத்தை அடைகின்றனர். தலைப்பு என்று குறிக்கப்படாத தலைப்பு அவர்களுக்கு அகப்படாது. முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுத் தீர வேண்டியதுதான். படத்தின் நிலையும் இதுவே. படத்தை இழுத்து வைக்க ஒரு நொடி போதும். அது என்ன படம் என்று சொற்களில் எழுதுவதற்கென உள்ள சிறு பெட்டியைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகின்றனர். பக்கம் அழகாயிருக்கிறது என்று நாம் மகிழ்வோம். ஒருவருக்கு அங்கே படமே இல்லை.

மூலத்தைத் திறந்து பார்ப்பவருக்கு இவை உடனே தெரிந்துவிடும். விக்கிப்பீடியாவில் தலைப்பு என்றால் இருபுறமும் சமக்குறிகள் இருக்கும். இல்லையென்றால் அது தலைப்பே அன்று. இதைக் கற்க ஐந்து நிமிடம் ஆகுமா?

இன்று விக்கிப்பீடியாவில் இரு வழிகளும் உள்ளன. பார்த்தபடியே எழுதலாம்; மூலத்தையும் தொகுக்கலாம். எங்கள் கணினிப் பாடவேளைகளில் முதல் வழியோடு இரண்டாவதையும் பழக, வாரம் ஒரு பாடவேளையேனும் ஒதுக்கித் தருமாறு அருட்சகோதரியரையும் ஆசிரியைகளையும் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கைகளுக்காகவும் சேர்த்தே கேட்கிறோம்.