வால்வை மூட வேண்டியவர் யார்?

இத்தலைப்பைக் கண்டு நண்பர்கள் சிலர் நகைக்கலாம். நாட்டில் எத்தனையோ சிக்கல்கள் இருக்க, தண்ணீர் வால்வுக்கும் ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். டில்லியில் மாடிவீடு பிடித்துக் கூட்டாகக் குடியிருக்கும் நம் சங்கத்து உறுப்பினர் எவரும் அவ்வாறு கேட்கமாட்டார்.

சென்ற குளிர்கால விடுமுறைக்கு நாங்கள் நால்வரும் ஊருக்குப் புறப்பட்டோம். புறப்படும் அவசரத்தில் ஒருவர் சமையலறைக் குழாயைத் திறந்தார். அது மாநகர் குடிநீர் நேரே வரும் குழாய். தண்ணீர் விடும் நேரம் அன்று. ஒரு சொட்டும் வரவில்லை. குழாய் திறந்தபடியே கிடந்தது. விடியலில் தண்ணீர் வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் துளையை ஒரு தட்டு அடைத்திருந்தது. நிமிடத்திற்குப் பத்து லிட்டர் என்றே கொள்வோம். இரண்டு மணி நேரத்தில் 1200 லிட்டர், அதாவது ஒரு டன்னுக்கும் மேல்!

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தனியே இருக்கிறார். எனக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் கிச்சடி கொடுத்தனுப்பியவர். அவருடைய படுக்கையும், கைப்பட எழுதி வைத்திருந்த உருதுக் குறிப்பேடுகளும் ஊறிப்போயின. மீட்டருக்கு அருகிலுள்ள வால்வை மூட ஓடியிருக்கிறார். பல்லாண்டு எவரும் தொடாத வால்வு, துருவேறி இறுகியிருந்தது. கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"பழுதான வால்வு வீட்டுக்காரருடையது, நட்டமும் அவருடையதே" என்று நம் நண்பர்கள் வாதிட்டனர். நான் இதை ஒப்பவில்லை. வால்வைப் பழுது பார்க்காதது அவர் குற்றம், ஐயமில்லை. ஆனால், குழாயைத் திறந்துவிட்டுப் போனவர்கள் யார்? வேறு உடன்படிக்கை இல்லாதபோது, குடியிருப்பவரின் தவற்றால் வீட்டுக்கு நேர்ந்த குறையை, அறிவிப்புப் பெற்ற மூன்று மாதத்திற்குள் அவரே சீர்செய்ய வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. சட்டம் கிடக்கட்டும்; பூட்டுப் போட்ட கையே வால்வையும் மூடியிருக்க வேண்டும். எங்களில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்றிருந்தோம். பூட்டியவன் நான்.

மூட வேண்டியவை இரண்டு என்பதையும் பலர் அறியார். மீட்டர் அருகிலுள்ளதை மட்டும் மூடினால், மொட்டைமாடித் தொட்டியிலுள்ள நீர் குளியலறைக் குழாய் வழியே இறங்கும். ஆகவே தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வையும் மூட வேண்டும். குடிபுகும் நாளிலேயே இரண்டையும் காட்டி, மாடிச் சாவியையும் தருவது வீட்டுக்காரர் கடமை. சக்கரம் வைத்த கேட் வால்வைச் சில மாதங்களுக்கு ஒருமுறை முழுக்க மூடித் திறக்காவிட்டால், உப்புப் படிந்து இறுகிவிடும். பால் வால்வோ கால் திருப்பில் மூடும். முதியவர் கைக்கும் எளிது.

புதுப் பால் வால்வுக்கு இருமுறை எழுதிக் கேட்டும் பயனில்லை. பின்னர் நாங்களே பொருத்தி வாடகையில் கழித்துக்கொண்டோம். வீட்டுக்காரர் முகம் சுளித்தார். படுக்கைக்குப் பணம் கொடுத்தோம். குறிப்பேடுகளுக்கு என்ன கொடுப்பது? பெரியவர் இன்றும் அன்போடுதான் நலம் விசாரிக்கிறார். ஆனால், இரவில் மாடியில் வாளி ஓசை கேட்டால் அவர் அறையில் விளக்கு எரிகிறது.