துருப்பிடிக்கும் கடைசல் இயந்திரங்கள்

பயிற்சிப் பட்டறைகளில் கடைசல் இயந்திரம் எங்கே என்று கேட்டால், "அதோ, பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதுதான்" என்று காட்டும் காலம் இது. லேத் என்று நாம் அழைக்கும் அந்த இயந்திரம், நான் பார்த்த சில பட்டறைகளில் மேசையாகவே மாறிவிட்டது. சி.என்.சி. வந்தபின் இது எதற்கு என்கிறார்கள். இந்தக் கேள்வியே தவறு என்பது என் கருத்து.

கடைசல் நமக்குப் புதிய சொல்லன்று. கட்டில் காலைக் கடைந்த தச்சர்களின் சொல். 1800-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் ஹென்றி மாட்ஸ்லே, வெட்டுளியை இயந்திரமே பிடித்து நகர்த்தித் திருகுமரை வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செய்தார். அது இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வழியில் வந்தவைதாம் கல்விக்கூடங்களில் பெயர்பெற்ற கோல்செஸ்டர் இயந்திரங்கள். அவற்றுள் ஒரு வகைக்கு 'ஸ்டூடண்ட்' என்றே பெயர். மாணவன் என்று பெயர் பெற்றதை மாணவர்களே கெடுப்பது வேடிக்கைதான்!

எப்படிக் கெடுக்கிறோம்? இயந்திரத்தின் துல்லியம் முழுவதும் 'பெட்' எனப்படும் வார்ப்பிரும்புத் தளத்தில் இருக்கிறது. அதன்மேல் வளைந்த கம்பியை வைத்துச் சுத்தியலால் அடிக்கிறோம். கீழே பலகை வைக்காமல் சக்கைக் கழற்றி நழுவவிடுகிறோம். தளத்தை மூடாமல் பக்கத்திலேயே கிரைண்டர் பிடிக்கிறோம். இதுதான் மிகக் கொடுமை. அந்தத் தூள் எண்ணெயோடு கலந்து தேய்ப்புப் பசையாகி, ஒவ்வோர் ஓட்டத்திலும் தளத்தைத் தின்கிறது. இரும்புத் துகளைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதுகிறோம். அது இடுக்குகளுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஒரு தூரிகை போதுமே! நம் நாட்டு ஈரக்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எண்ணெய் பூசாத தளத்தில் வியர்த்த கையை வைத்தால், அந்த அச்சே துருவாக நிற்கும்.

பிறகு, "தேய்ந்துவிட்டது" என்று பழைய இரும்புக்கடைக்கு அனுப்புகிறார்கள். சிறு வேலைகள் எல்லாம் சக்கின் அருகிலேயே நடப்பதால் தேய்மானமும் பெரும்பாலும் அங்கேதான். தண்டு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் கடையப்பட்டால், இயந்திரத்தின் மட்டம் சரியில்லாததும் காரணமாகலாம். முதலில் மட்டம் பார்த்து அடிப்பகுதித் திருகுகளைச் சரிசெய்யுங்கள்.

அவசர நிறுத்த விசையும் சக் மறைப்பும் இல்லாத பழைய இயந்திரத்தை அப்படியே மாணவரிடம் கொடுக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றைப் பொருத்திக் கொடுக்கலாம். உளி அதிரும் ஓசையைக் கேட்டு, சுருள் நீலம் பாய்வதைப் பார்த்து, கைப்பிடியில் வெட்டின் கனத்தை உணர்ந்து பழகியவர், சி.என்.சி. நிரலில் தவறான வேகம் இருந்தால் எளிதில் பிடித்துவிடுவார்.

செந்தூல் ரயில்வே பணிமனையிலும் தோட்டத்து ஆலைகளிலும் இவ்வேலை பழகிய நம் பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எண்ணெய் எங்கே விடவேண்டும் என்பது அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். அடுத்த விடுமுறையில் கழகம் அவர்களுள் ஒருவரை அரைநாள் பட்டறைக்கு அழைக்கலாம். தேநீர்ச் செலவை மூத்த மாணவர்கள் நாங்கள் ஏற்கிறோம்.