யார் வீட்டுக் குழம்பு?

தமிழனுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தின் எந்த மூலையில் எது நன்றாக இருந்தாலும், அது முதலில் தன் வீட்டிலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிடும். தோன்றியதோடு நின்றால் பாதகமில்லை. மேடை ஏறி விடுகிறான். இந்த வியாதி இப்போது கரிபியன் கடல் வரைக்கும் பரவியிருக்கிறது. அங்கே பிரான்சு நாட்டின் பகுதிகளாக உள்ள குவாதலூப், மார்த்தினிக் என்ற இரு தீவுகளில் 'கொலம்போ' என்று ஒரு பதார்த்தம் சமைக்கிறார்கள். பெயர் காதில் விழுந்ததோ இல்லையோ, நம்மவர்கள் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "கொலம்போவாவது, கத்தரிக்காயாவது! நம்முடைய குழம்பு ஐயா அது! ஏழு கடல் தாண்டியும் தமிழன் கொடி பறக்கிறது!"

பறக்கட்டும். அந்தக் கொடியைச் சுமந்து கொண்டு போனவன் யார் என்று மட்டும் நான் கேட்கிறேன்.

1848-ல் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டத் துரைகளுக்கு வேறு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல் 1853-ல் மார்த்தினிக்குக்கும், 1854-ல் குவாதலூப்புக்கும் போய்ச் சேர்ந்தது. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் அநேகம். குவாதலூப்புக்கு மட்டும் 1889-க்குள் சுமார் 42,000 இந்தியர்கள் போனார்கள். சமையல் கலையைப் பரப்பி வருமாறு அவர்களை நாமா அனுப்பி வைத்தோம்? பசி அனுப்பியது. போனவர்கள் என்ன ஆனார்கள் என்று எத்தனை பேர் தேடினோம்? அவர்களுடைய பேரப் பிள்ளைகளின் வாயிலிருந்து தமிழ் உதிர்ந்து போன காலத்தில் நமக்குக் காது கேட்கவில்லை. குழம்பு கொதிக்கிற வாசனை மட்டும் மூக்கில் ஏறிவிட்டது!

கொலம்போ என்ற பெயர் குழம்பிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. கொழும்பு நகரத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அந்த வழக்கு எனக்கு வேண்டாம். பொடியில் கொத்தமல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள் எல்லாம் இருக்கின்றன, ஒப்புக் கொள்கிறேன். ஆனால் சட்டிக்குள் வேறு என்ன இருக்கிறது? தைம் என்ற ஐரோப்பிய வாசனைத் தழை இருக்கிறது. அந்தத் தீவுகளின் கடுங்கார மிளகாய் இருக்கிறது. ஆட்டுக்கறியிலும் கோழியிலும் வைப்பது போலவே பன்றிக் கறியிலும் வைக்கிறார்கள். மேடையில் கொடி பறக்கவிட்ட பிரசங்கியாரின் இலையில் அதைப் பரிமாறினால் அவர் எழுந்து ஓடிவிட மாட்டாரா?

பிறப்பிடம் பார்த்துத்தான் பாத்தியதை என்றால், மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கீசியர் கப்பலில் நம்மிடம் வந்த சரக்கு. நாளைக்கு ஒரு மெக்ஸிகோக்காரன் வாசலில் வந்து நின்று, உங்கள் வத்தக்குழம்பு எங்கள் குழம்பு என்றால் நமக்கு எப்படியிருக்கும்?

அந்தத் தீவுகளில் இந்தக் கணக்கே செல்லாது. ஜமெய்க்காவின் தேசிய உணவு ஆக்கிப் பழமும் கருவாடும். ஆக்கி மரம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கருவாடோ வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த கடலில் பிடித்த காட் மீன். அதில் மட்டமான ரகத்தை அடிமைகளுக்கு வாங்கிப் போட்டார்கள். சீமைப் பலாவை, அடிமைகளுக்கு மலிவான தீனியாகட்டும் என்று, பிளை என்ற கப்பல் தலைவர் தாஹித்தியிலிருந்து 1793-ல் செயின்ட் வின்சென்டுக்கும் ஜமெய்க்காவுக்கும் கொண்டு வந்தார். அடிமைகள் முதலில் அதைத் தொடவே மறுத்தார்கள். இன்று செயின்ட் வின்சென்டின் தேசிய உணவு, சுட்ட சீமைப் பலாவும் பொரித்த மீனும். கிரனடாவில் அதே பலாவை உப்பிட்ட இறைச்சியோடும் மஞ்சளோடும் தேங்காய்ப் பாலில் வேக வைத்து, பால் வற்றி எண்ணெய் பிரிந்ததும் இறக்குகிறார்கள். இதை யாருடையது என்பீர்கள்? தாஹித்திக்காரனுடையதா, பிளையினுடையதா?

ஹைத்தி நாட்டில் பூசணிக்காய் ரசம் ஒன்று உண்டு. 'ஜூமூ' என்று பெயர். பிரெஞ்சு எஜமானர்களுக்காக அதைக் காய்ச்சியவர்கள் அடிமைகள். குடிக்க மட்டும் அவர்களுக்கு அனுமதியில்லை. 1804 ஜனவரி முதல் தேதி நாடு விடுதலை அடைந்தது. அன்று முதல் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் வீட்டுக்கு வீடு அந்த ரசம் கொதிக்கிறது. 2021-ல் யுனெஸ்கோ அதைத் தன் மரபுப் பட்டியலில் ஏற்றியது. எஜமானின் மேஜைக்கென்று காய்ச்சிய ரசந்தானே என்று ஒரு பிரெஞ்சுக்காரர் இன்று பாத்தியதை கேட்டு வந்தால், அவர் முகத்தில் நாம் என்ன எறிவோம்?

அவர்களும் சண்டை போடாமல் இல்லை. அதைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. டிரினிடாட்காரன் ரொட்டியைக் கல்லிலேயே மரத் தட்டைகளால் அடித்துப் பிய்த்து, அதற்குக் 'கிழிந்த சட்டை' என்று பெயரும் வைத்திருக்கிறான். கயானாக்காரன் சுட்ட ரொட்டியை இரண்டு கையாலும் தட்டி மிருதுவாக்கிவிட்டு, அவனுடையது கந்தல்தானே என்கிறான். இருவர் பாட்டனும் வடஇந்தியாவிலிருந்து கூலியாகப் போனவர்கள். பீகாரிலிருந்து அத்தாட்சிப் பத்திரம் கேட்டு இருவரும் எழுதவில்லை. 'கலாலூ' என்றால் டிரினிடாடில் சேப்பங்கிழங்கின் இலை, ஜமெய்க்காவில் நம் குப்பைக்கீரை. மற்றவனுடையது கலாலூவே அல்ல என்று இருவரும் சாதிப்பார்கள். பார்படோஸ் தன் நாணயத்தில் பொறித்திருக்கும் பறக்கும் மீன் விவகாரம் மட்டும் விளையாட்டைத் தாண்டி, டிரினிடாடோடு சர்வதேச நடுவர் மன்றம் வரைக்கும் போய்விட்டது. மன்றம் 2006-ல் கடல் எல்லையை வகுத்துக் கொடுத்துவிட்டு, மீன் விஷயத்தை நீங்களே பேசிக் கொள்ளுங்கள் என்று கையை உதறிவிட்டது. மற்றபடி அடுப்படிச் சண்டையெல்லாம் கைப்பக்குவத்தைப் பற்றியதுதான். மதுரையும் திருநெல்வேலியும் போடுகிற சண்டை மாதிரி.

குவாதலூப்பில் ஹென்றி சிதம்பரம் என்று ஒருவர் இருந்தார். அவருடைய பெயரைச் சிடம்பரோம் என்கிறார்கள். தோட்டக் கூலிகளின் பிள்ளைகளும் பிரெஞ்சுக் குடிமக்களே என்று அவர் 1904-ல் தொடங்கிய வழக்கு 1923-ல்தான் பலித்தது. அத்தனை ஆண்டுகளும் அவர் கேட்டது பாண்டிச்சேரிக்குத் திரும்பக் கப்பல் சீட்டு அல்ல. பிறந்த தீவில் ஓட்டுரிமை. அவரை நாம் திருப்பிக் கூப்பிடவில்லை. அவர் வீட்டுச் சட்டியை மட்டும் ஏன் திருப்பிக் கேட்கிறோம்?

போகிறவர்கள் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். புளி போதாது, காரம் தூக்கல் என்று வாய் நிறையக் குறை சொல்லுங்கள். அவர்களும் சும்மா விடமாட்டார்கள். பன்றிக் கறி போடாத உங்கள் குழம்பும் ஒரு குழம்பா என்பார்கள்.