கொமாவை யாரு பார்க்கிறா?



"விளங்கினாப் போதும் சேர், இங்கிலீஷ்ல கொமாவ யாரு பார்க்கிறா?" என்று நேற்று ஒரு வாப்பா கேட்டார். அதுவும் ஓஎல் எழுதப்போகும் மகனுக்கு முன்னால்!

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பால் கம்பனிச் சாரதிகள் பார்த்தார்கள். ஓவர்டைம் இல்லாத வேலைகளை அடுக்கிய சட்டத்தில், கடைசி 'அல்லது'வுக்கு முன் கொமா இல்லை. விநியோகத்துக்காகப் பொதிசெய்வதுதான் விலக்கு, விநியோகமே அல்ல என்று வழக்காடினார்கள். 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அடுத்த வருடம் கம்பனி 50 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கியது.

நம்மூர் பெனர்களிலோ எஸ் வந்த இடமெல்லாம் அப்போஸ்ட்ரொபி! வெறும் பன்மைக்கு அது எதற்கு? அச்சடிக்க முன்னர் எங்களிடம் காட்டினால் காசா கேட்கப்போகிறோம்?

அந்த வாப்பாவிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: நாளைக்கு உங்கட மகன் கட்டாருக்குப் போக ஒப்பமிடும் அக்ரிமென்டிலும் இங்கிலீஷ் இருக்கும், கொமாவும் இருக்கும்.